பின்னிருக்கை

மார்வே துறையில் படகுக்கு மூன்றே பேர்:
நான், ஷர்வரி, முட்டைத் தட்டுகளோடு ஒருவர்.
கழியைக் கடக்க ஐந்து நிமிடம்.
அதற்குள் மலாட் கோபுரங்கள்
நிறைய முறை துவைத்த துணிபோல வெளுத்துவிட்டன.

மனோரியில் விடுதி என்றால்
நான்கு அறை, ஒரு வாதாமரம், குரைக்காத நாய்.
வாசல் பலகையில் ஜெர்விஸ் செரேஜோ
சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்,
விருந்தினர் வெளியே செய்யத் தக்கவை:
தூண்டில். மேட்டு நடை. கொக்கு பார்த்தல்.
நீச்சல் (அதை அடித்துவிட்டு, ‘அலை சரியில்லை’).
சைக்கிள் மணிக்கு நூறு ரூபாய்,
இருவர் மிதிப்பது மட்டும் நூற்றைம்பது.

‘அதுதான்’ என்றாள் ஷர்வரி.

முன்னால் நான்.
பிரேக்கும் மணியும் திசையும் என் கையில்.
பின்னால் அவளுக்கு
எந்தப் பக்கமும் திரும்பாத ஒரு கைப்பிடி,
அப்புறம் என் முதுகு.
இரண்டு பேருக்கும் ஒரே சங்கிலி.
ஒருத்தி சும்மா இருந்தால்
மற்றவள் முழங்காலுக்குத் தெரிந்துவிடும்.
‘நாலரைக்கு ஓதம் ஏறும், உப்பளப் பக்கம் போகாதீர்கள்’
என்று ஜெர்விஸ் கத்தியது
பாதிதான் காதில் விழுந்தது.

மேட்டில் மரமே இல்லை.
ஐப்பசிப் புல் முழங்கால்வரை பழுத்து
ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.
சர்வே ஆபீஸில் வேலை பார்த்த அப்பா
இதைப் பார்த்திருந்தால்
புறம்போக்கு என்று எழுதிப் பேனாவை மூடியிருப்பார்.
கீழே கடல், ஈயப் பாத்திர நிறத்தில்.
ஆட்காட்டி ஒன்று எங்கள் தலைக்கு மேலே
விடாமல் எங்களைக் காட்டிக்கொடுத்தது.
ஷர்வரி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை இரவு பதினொன்றே காலுக்கு
அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்.
பதினான்கு பெயர்.
ஆங்கில அகரவரிசையில் கேட்டார்கள்.
வெள்ளிக்கிழமை காலை
முதல் வேலையாக இந்த அறையைப் பதிவு செய்தேன்.
கடலுக்கு முன்னால் உட்காரவைத்துச் சொன்னால்
கொஞ்சம் சிறிதாகத் தெரியும் என்று கணக்கு.

இறக்கத்தில் உப்பளத்து வரப்பு.
பொம்பில் மீன் கொடிகளில் வாயோடு வாய் கோத்துத்
தொங்கிக்கொண்டிருந்தது.
அந்த நாற்றத்துக்குள் நுழையும்போது
பின்னாலிருந்து கேட்டாள்,
‘நான் பதினொன்றா, பன்னிரண்டா?’

என் கால் நின்றது.
சங்கிலி நிற்க விடவில்லை.
அவள் மிதிக்க மிதிக்க
என் பாதங்களும் சேர்ந்து சுற்றின.

‘பிரிண்டரில் ஒரு தாள் மாட்டியிருந்தது.
நீ மூன்று முறை அழுத்தியிருக்கிறாய் போல.
என் பெயர் பாதி கிழிந்து இருந்தது.’

பன்னிரண்டு, என்றேன்
கைப்பிடியைப் பார்த்து.

அதற்குப் பிறகு எப்படி வரப்பை விட்டேன்
என்று தெரியவில்லை.
முன்சக்கரம் சேற்றில் அச்சுவரை போய்விட்டது.
கழியில் தண்ணீர்
சத்தமில்லாமல் அகலமாகிக்கொண்டிருந்தது.
மீன் காயவைத்த கோளிப் பெண் இடுப்பில் கை வைத்து
மராத்தியில் ஏதோ சொன்னாள்.
‘தள்ளாதே, தூக்கு என்கிறாள்’ என்றாள் ஷர்வரி.
தூக்கினோம். என் ஒரு செருப்பை
மனோரி எடுத்துக்கொண்டது.

வரப்பில் நின்று மூச்சு வாங்கினோம்.
அவள் சேறான கையைத்
தன் பேண்டில் துடைத்தாள், போதவில்லை,
என் துப்பட்டாவில் துடைத்தாள்.
‘மூன்று மாதச் சம்பளம் தருவார்களா?’
‘இரண்டு.’
‘கஞ்சப் பிசினாறிகள்.’
பிறகு, ‘நகரு. நீ பின்னால் உட்கார்.’

உட்கார்ந்தேன்.
அவள் முதுகு, சட்டையில் சேற்றுப் புள்ளிகள்,
பின்கழுத்தில் நான் இதுவரை பார்த்திராத
ஒரு சின்ன மரு.
திருப்ப ஒன்றுமில்லாத கைப்பிடியைப்
பிடித்துக்கொண்டு மிதித்தேன்.

அந்தப் பாதையில் அப்போது யாருமே இல்லை.
ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும்
அவள் மணி அடித்தாள்.